அம்மன் கேசட்டில் பொருளாதாரம்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே நான் காஞ்சிபுரத்துக்குப் பதிலாகச் செங்கல்பட்டில் போய் இறங்கினேன். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்களும் ஒட்டி ஒட்டி நின்றன. நான் போர்டு பார்த்து ஏறுகிறவன் இல்லை, டிரைவர் மீசையைப் பார்த்து ஏறுகிறவன். அன்றைக்கு என் மீசைக்காரர் டூட்டி மாறிச் செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. கண்டக்டரிடம் "பாஸ்" என்றேன். கூட்ட நெரிசலில் அவரும் வாங்கிப் பார்க்கவில்லை. பாதி வழியில் விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் நடுவில் இறங்கினால் நாலு பேர் சிரிப்பார்களே என்று கடைசி வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வீட்டில் கேட்டார்கள். செங்கல்பட்டில் ஒரு வேலை இருந்தது என்றேன். அந்த வேலை திரும்பி வருவதுதான் என்பதைச் சொல்லவில்லை.

எனக்கு எழுத்தே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொன்றாக எதிரே நிறுத்தினால் அத்தனை எழுத்தையும் அடையாளம் காட்டுவேன். கூட்டமாக வந்தால்தான் தகராறு. ஒரு எழுத்தின் கொம்பு பக்கத்து எழுத்தின் தலைக்குத் தாவும். கால் காணாமல் போகும். மேல் வரியில் இருந்தது கீழ் வரிக்கு வந்து குந்திக்கொள்ளும். நான் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். முடிக்கும்போது முதல் வரி மறந்துபோயிருக்கும்.

ஆனால் காது மட்டும் நல்ல காது. ஒரு முறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன்கள் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டுக் கேட்டே பன்னிரண்டாவது வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். என் விடைத்தாளைத் திருத்திய புண்ணியவான்கள் எழுத்தைப் பார்க்காமல் நீளத்தைப் பார்த்து மார்க் போட்டிருக்க வேண்டும். வாத்தியார் "எழுந்து படிடா" என்றால் நான் எழுந்து ஒரு ஜோக் அடிப்பேன். வகுப்பு சிரிக்கும், வாத்தியார் வெளியே போகச் சொல்வார். எனக்கும் அதுதானே வேண்டும். இப்படியாக எங்கள் மானாம்பதி வட்டாரத்தில் "சரியான தமாஷ் பேர்வழி" என்று பேரெடுத்தேன். படிக்க வராதவன் என்ற பேருக்கு அது எவ்வளவோ தேவலை.

கல்லூரியில் இந்த வித்தை பலிக்கவில்லை. அங்கே யாரும் சத்தம் போட்டுப் படிப்பதில்லை. வெளியே போகச் சொல்ல ஆளில்லை, நாமே போகலாம். பி.ஏ. பொருளாதாரம் எடுத்திருந்தேன். வரலாற்றில் ராஜாக்கள் பேரெல்லாம் நீளநீளமாக இருந்ததுதான் அதற்குக் காரணம். முதல் வருட நுண்ணியல் பொருளாதாரத் தாளில் ஃபெயிலாகிப் போனேன். அரியர் எழுதி மறுபடியும் போனேன். நைனா, அதாவது எங்கள் அப்பா, அதிகம் பேசுகிறவர் இல்லை. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"இன்னும் ஒரு வாட்டி. அதுலயும் போச்சுன்னா டிராக்டர் மேல ஏறிக்கோ. போறும் படிச்சது."

டிராக்டர் ஓட்டுவது கேவலம் என்று நான் நினைத்ததில்லை. டிராக்டர்தான் என்னைக் கேவலமாக நினைத்தது. ஒரு தடவை வரப்பில் ஏற்றி, ஒரு தடவை பக்கத்து நிலத்து மோட்டார் கொட்டகையில் முட்டியிருந்தேன்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் என் கூட்டாளியின் கேசட் கடை இருந்தது. பன்னிரண்டாவதில் என் பக்கத்து பெஞ்சு. கடை அவன் அத்தாவுடையது. வெற்று கேசட்டில் பாட்டு பதிந்து கொடுப்பதுதான் வியாபாரம். சாயந்திரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நான் அங்கேதான் குந்தியிருப்பேன். ஒரு நாள் கடையில் ஓடும் பாட்டைக் கூடவே பாடிக்கொண்டு, டிராக்டர் சோகத்தையும் சொல்லி அழுதேன்.

"மச்சான், இந்தப் பாட்டு வந்து ரெண்டு நாள்தான் ஆவுது. நீ இன்னாடான்னா நடுவுல வர்ற மியூசிக் வரைக்கும் வாயால வாசிக்கிற. பாடத்தையும் எவனாவது கேசட்டுல பேசிக் குடுத்தா இதே மாதிரி வாசிப்ப இல்ல?"

"எவன் பேசுவான்?"

"எவனாவது வேலைவெட்டி இல்லாதவன் இருப்பான். நான் இல்ல, எனக்குக் கடை கீது."

வேலைவெட்டி இல்லாதவர் யாரும் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் வாய் சும்மா இல்லாத ஒருத்தி இருந்தாள். என் தங்கை. அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் வாசிக்கும் இலாகா அவளுடையது. மின்சார பில், கூட்டுறவு சொசைட்டி நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் கைக்குத்தான் போகும். நைனாவின் கண்ணாடி, வீட்டில் இருக்கும்போது நிலத்தில் இருக்கும், நிலத்தில் இருக்கும்போது வீட்டில் இருக்கும். ஆகவே அவருக்கும் அவள்தான்.

"கூலி இன்னா குடுப்ப?" என்றாள்.

"அண்ணன் பாஸ் பண்ணா உனக்குத்தானே பெருமை."

"அந்தப் பெருமைய வெச்சு ஒரு ஐஸ் வாங்க முடியுமா?"

ஐஸுக்கு ஒப்புக்கொண்டேன். கூட்டாளி ஒரு பழைய வாக்மேனைக் கொடுத்தான். மூடி உடைந்தது, ரப்பர் பேண்டு போட்டு மூட வேண்டும். வெற்று கேசட் வாங்க எனக்கு வசதி இல்லை என்பதால், கடையில் விற்காமல் கிடந்த பழைய அம்மன் பாட்டு கேசட்டுகளை ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தான். அந்த மாதிரி கேசட்டில் மேலே பதிய முடியாதபடி முதுகில் இரண்டு ஓட்டை இருக்கும். ஓட்டையில் காகிதத்தைக் கசக்கி அடைத்தால் பதியும். அவன் கற்றுக்கொடுத்த தொழில் ரகசியம் அது.

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு தங்கை பதிய உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒரு சிக்கல்.

"அம்மன் பாட்டு மேலயா பேசச் சொல்ற? அழிச்சா பாவம்டா. ஆத்தா சும்மா வுடுமா?"

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கேசட்டிலும் முதல் பாட்டை மட்டும் அழிக்காமல் விட்டுவிடுவது. ஆத்தாவுக்கு உரியது ஆத்தாவுக்கு. மிச்சம் பொருளாதாரத்துக்கு. அட்டையில் சூலத்தோடு இருந்த அம்மன் படத்தையும் அவள் கிழிக்க விடவில்லை. எனக்கென்ன, நான் அட்டையைப் படிக்கிறவனா? கீறலையும் கலரையும் வைத்து எந்தப் பாடம் எதில் என்று தெரிந்துகொள்வேன்.

புத்தகத்தை அப்படியே வாசித்தால் நான் தூங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஒரு வரி புத்தகம், இரண்டு வரி அவள் சொந்தச் சரக்கு. அந்தச் சொந்தச் சரக்கில் எங்கள் ஊர் முழுக்க வந்தது. ஒரே ஆள் வைத்து நடத்தும் முற்றுரிமைக்கு உதாரணம் எங்கள் ஊர் டீக்கடை. விலை ஏறினாலும் வாங்குவதைக் குறைக்காத நெகிழ்ச்சியற்ற தேவைக்கு எதிர் வீட்டு அத்தையின் வெற்றிலை.

காலையில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே போவேன். பார்க்கிறவர்கள் புதுப்படப் பாட்டு என்று நினைப்பார்கள். நானும் நினைக்கட்டும் என்று விரலால் தாளம் போடுவேன். ஒரு நாள் பக்கத்து சீட்டுப் பையன், "அண்ணா, ஒரு காதுக்குக் குடுங்கண்ணா" என்று பிடுங்கி மாட்டிக்கொண்டான். கொஞ்ச நேரம் கேட்டான். என்னைப் பார்த்தான். கழற்றி மரியாதையாக என் மடியில் வைத்துவிட்டு, எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

இதில் எதிர்பாராத ஒன்று நடந்தது. எனக்குப் பாடம் பிடித்துப்போயிற்று. ஒரு மூட்டை நெல்லின் விலை ஏன் அறுவடையில் விழுகிறது, அதே நெல் ஏன் நாலு மாதம் கழித்து எழுந்து நிற்கிறது என்று வயலைப் பார்த்துக்கொண்டு வரும்போதே காதில் ஒருத்தி சொன்னால் எப்படிப் பிடிக்காமல் போகும்? முதல் தடவையாக வகுப்பில் கையைத் தூக்கினேன். ஜோக் அடிக்கப்போகிறான் என்று எல்லோரும் தயாராகத் திரும்பினார்கள். நான் பதில் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் பாடம் எடுத்த மேடம் மட்டும்தான். சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்தவர். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, நாலைந்து கேள்வி வாயால் கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன். பிறகு என் பழைய டெஸ்ட் பேப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தார். கோழி கிளறின மாதிரி இருந்தது.

"இது ரெண்டும் ஒரே ஆளா?" என்றார்.

"பேப்பர்ல இருக்கிறது என் தம்பிங்க மேடம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு விடாமல் பேசினார். இது சோம்பேறித்தனம் இல்லை, மக்குத்தனமும் இல்லை, எழுத்தை மூளை வாங்கிக்கொள்ளும் விதத்தில் ஒரு குறை, சென்னையில் இதைப் பரிசோதித்துச் சர்டிபிகேட் கொடுக்கிறார்கள், அது இருந்தால் பரீட்சையில் நான் வாயால் சொல்ல இன்னொருவர் எழுதலாம், நேரமும் கூடக் கிடைக்கும் என்றார். இப்படி ஒரு சங்கதி உலகத்தில் இருப்பதையே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். எனக்கு இருப்பது ஒரு தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அதற்கு ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரை என்னால் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஒன்றே ஒன்று வேண்டும். அப்பா நேரில் வந்து பிரின்சிபாலிடம் பேச வேண்டும்.

நைனா வரமாட்டேன் என்றார்.

"எம் புள்ள ஊனம்னு நானே போயி சொல்லணுமா? நாளைக்கு ஊருக்குத் தெரிஞ்சா எவன் ஒனக்குப் பொண்ணு குடுப்பான்? ஒனக்கு வுடு, அவளுக்கு எவன் வருவான், அண்ணங்காரன் இப்படின்னா?"

"நைனா, இது கால் கை மாதிரி இல்ல. யாருக்கும் தெரியாது."

"தெரியாதில்ல? தெரியாமயே இருக்கட்டும்."

அம்மா இரண்டு நாள் பேசிப் பார்த்தாள். தங்கை சாப்பிடாமல் இருந்து பார்த்தாள், ராத்திரிக்குள் பசித்துவிட்டது. பிறகு அவள் ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மிக முக்கியமான பாடத்தை மறுபடி நன்றாகப் பதிந்து தருகிறேன் என்றாள். எழுதித் தர ஆள் கிடைக்காவிட்டாலும் பாடமாவது ஏறட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அந்த கேசட்டையும் நான் பஸ்ஸில் போட்டுத் தேய்த்தேன். என்ன, ஒவ்வொரு தடவையும் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தூங்கிவிடுவேன்.

ஆடி வந்தது. எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையிலேயே மைக் செட் கட்டியாகிவிட்டது. கோயில் வேப்பமரத்தில் ஒரு கூம்பு ஒலிபெருக்கி, தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கூம்பு, ஊர்க்கோடி தென்னையில் ஒன்று. மைக் செட்காரர் கொண்டுவந்த பக்திப் பாட்டு கேசட் டேப்பில் சிக்கி, குடல் மாதிரி வெளியே வந்துவிட்டது. அவர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் அம்மன் கேசட் அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்தவர் அவர். அம்மா பக்தியோடு மேலாக இருந்ததை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்திருக்கிறாள். மேலாக இருந்தது நான் முந்தின நாள் கேட்டுவிட்டு வைத்தது.

அவர் கொண்டுபோய்ப் போட்டார். முதல் பாட்டு அம்மன் பாட்டுதான் வந்தது. கணீரென்று வந்தது. திருப்தியாகி, ஒரு டியூப் லைட் எரியவில்லை என்று புதுசு வாங்க சைக்கிளில் உத்திரமேரூருக்குக் கிளம்பிவிட்டார்.

நான் அப்போது நிலத்தில் பம்ப் செட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. ஒரு கரகரப்பு. பிறகு ஆகாயத்திலிருந்து என் தங்கை பேசினாள்.

"டேய் அண்ணா, தூங்காத. ஏந்து உக்காரு. போன ரெண்டு வாட்டியும் இதுல தான் கோட்டை வுட்ட. எழுத்தப் பாத்தாதான் ஒனக்குத் தலை சுத்துது, காதுக்கு இன்னா கேடு? ஒயுங்கா கேளு."

சோப்பு கண்ணில் போய்விட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் ஓடினேன். ஓட ஓட மூன்று கூம்பும் முறைவைத்து என்மேல் பாடம் நடத்தின.

"குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. ஒரு பொருளை மேலும் மேலும் நுகரும்போது, ஒவ்வொரு கூடுதல் அலகிலிருந்தும் கிடைக்கும் பயன்பாடு குறைந்துகொண்டே செல்லும். அப்படின்னா இன்னா? பசியில மொத இட்லி அமிர்தம். ரெண்டாவது நல்லா கீது. மூணாவது பரவால்ல. அஞ்சாவது வந்தா, இன்னாடா இது பேஜாருன்னு தோணும். அவ்ளோதான் விதி."

நான் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது ஊரே அண்ணாந்து கூம்பைப் பார்த்துக்கொண்டு நின்றது. கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் அகப்பையோடு நைனா. அவர் எதிரில் சொம்பை நீட்டிக்கொண்டு பெரியப்பா, நைனாவின் அண்ணன். நான் நேரே ஆம்ப்ளிஃபயரை நோக்கிப் பாய்ந்தேன். டீக்கடைக்காரர் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"ஈரத் துண்டோட தொடாதடா! போன வருசம் தொட்டவன் இன்னும் ஒரு கைய ஆட்டிக்கினு கீறான்!"

வேறு யாருக்கும் தொடத் தைரியமில்லை. தெரிந்த ஒரே ஆள் டியூப் லைட் வாங்கப் போயிருந்தார். அந்த கேசட் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். அடுத்து யார் வரப்போகிறார் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வேதனை யாருக்கும் வரக்கூடாது.

"விதிவிலக்கு. நம்ம பெரியப்பா. அவருக்குப் பத்தாவது இட்லியும் மொத இட்லிதான். ஆனா பரீட்சைல கேட்டா பெரியப்பான்னு எழுதித் தொலைக்காத. கருமி, குடிகாரன், அபூர்வப் பொருள் சேர்க்கிறவன்னு எழுது."

பெரியப்பாவின் சொம்பு அந்தரத்தில் நின்றது. அது மூன்றாவது சொம்பு என்பது நைனாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கூட்டத்தில் யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள். பெரியப்பா சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அடுத்தது டீக்கடை.

"ஒரே கடை. போட்டி இல்ல. அதனாலதான் டீ அப்படி கீது. இதுக்குப் பேரு முற்றுரிமை."

"எப்படி கீது என் டீ?" என்றார் டீக்கடைக்காரர், என் இடுப்பை இன்னும் விடாமல். அந்தக் கேள்விக்குப் பதிலைக் கூட்டம் சொன்னது. எதிர் வீட்டு அத்தைக்கு வெற்றிலை வந்தபோது அத்தை மட்டும் பெருமையாகச் சிரித்து, "என்னப் பத்தி காலேஜுல படிக்கறாங்கடி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

பாடம் முடிந்தது. நான் எப்போதும் தூங்கிவிடும் இடம் வந்தது. முழித்துக்கொண்டு அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"முடிஞ்சுதுடா. தூங்கிட்டியா? தூங்கு. நீ ஒண்ணும் முட்டாள் இல்ல. வாயால கேட்டா எங்க ஸ்கூல் வாத்தியாருக்கே நீ பாடம் எடுப்ப. எனக்குத் தெரியும், அந்த மேடத்துக்குத் தெரியும். நைனாவுக்குதான் தெரியல. அவரு ஒரு வாட்டி காலேஜுக்கு வந்தா போதும், நீ பாஸு. ஆனா யார் சொல்றது அவருகிட்ட? சரி, கேசட்ட திருப்பிப் போடு."

கிளிக் என்று நின்றது. ஊர் மொத்தமும் கூம்பை விட்டுவிட்டு நைனாவைப் பார்த்தது. நைனா குனிந்து அகப்பையால் கூழைக் கிளறினார். கொஞ்ச நேரம் கிளறினார். பிறகு தலை நிமிராமலேயே, "அடுத்தவங்க வாங்க, ஆறிடும்" என்றார்.

வீட்டுக்குப் போனபோது தங்கை கட்டிலுக்கடியில் இருந்தாள். அம்மா துடைப்பத்தோடு கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். "குடுத்தது நீதானே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சாயந்திரம் தெருக்கோடியிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அம்மா முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

"எம் புள்ளையும் எழுத்தப் பாத்தா தலை சுத்துதுன்னு தான்கா சொல்லிக்கினு கீறான். நான் நடிக்கறான்னு வெளுத்துட்டேன். அந்த மேடம் எந்தக் காலேஜு?"

அம்மா துடைப்பத்தை மூலையில் வைத்தாள்.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்கு வந்தபோது நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிறுத்தத்தில் நின்றிருந்தார். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் சட்டை.

"எங்க நைனா?"

"ஊருக்கே மைக் வெச்சு சொல்லியாச்சு. இனிமே பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சா இன்னா, கலெக்டருக்குத் தெரிஞ்சா இன்னா?"

உத்திரமேரூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். வரிசையாக நாலு பஸ். நான் வழக்கம்போல மீசை தேடினேன். நைனா ஒரு பஸ்ஸின் முன்னால், போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்த பூக்காரம்மாவிடம் கேட்டார், "இது காஞ்சிபுரம் போறதாம்மா?"

"மேலதான் பெருசா போட்டு கீதே."

"கண்ணாடிய வூட்ல வெச்சுட்டேன்" என்றார் நைனா.

அந்தக் கண்ணாடியை என் வாழ்நாளில் நான் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறேனா என்று அப்போதுதான் யோசித்தேன். இருபது வயது வரை இது தோன்றவில்லை பாருங்கள். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது என்றால் எதிரே நிற்கிற ஆளும் தெரியவில்லை.

பிரின்சிபால் அறையில் ஒரு தாளை நீட்டி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நைனாவின் கை சட்டைப் பையைத் தடவியது. "கண்ணாடி" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் நான், "நான் சொல்றேன் நைனா" என்று, மேடம் என்னிடம் சொல்லியிருந்ததை அப்படியே தாளைப் பார்த்துப் படிக்கிற மாதிரி ஒப்பித்தேன். நைனா நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கும் நிக்காது. கொம்பு அங்க இங்க ஓடும். வாத்தியாரு முட்டி மேலயே அடிப்பாரு. அஞ்சாவதோட ஏரிக்கரைக்கு ஓடிட்டேன்." என் பக்கம் திரும்பி, "எனக்கு எவ டேப்புல பேசிக் குடுத்தா?" என்றார்.

நான் பையிலிருந்து வாக்மேனை எடுத்து, ரப்பர் பேண்டைச் சரிசெய்து, அவர் காதில் மாட்டினேன். வீடு வரும்வரை கழற்றவில்லை. எந்தப் பாடம் ஓடியது என்று தெரியாது. அவ்வப்போது தலையை ஆட்டினார்.

சென்னையில் என்னை நாள் முழுக்க உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார்கள், கட்டை அடுக்கச் சொன்னார்கள், கதை சொல்லிவிட்டுத் திருப்பிச் சொல்லக் கேட்டார்கள். கடைசியில் டாக்டர், பையனுக்கு அறிவு சராசரிக்கு மேலேயே இருக்கிறது என்றார். தங்கை இதைக் கேட்டுவிட்டு, "இன்னொரு ஆஸ்பத்திரில காட்டலாமா?" என்றாள்.

அரியர் பரீட்சை மழைக்காலத்தில் வந்தது. தனி அறை. எழுதுவதற்கு வேதியியல் முதல் வருடத்துப் பெண் ஒருத்தி. முத்து முத்தான கையெழுத்து, பார்க்கவே எனக்குப் பொறாமையாக இருந்தது. மேற்பார்வைக்கு ஒரு சார், பேப்பர் படித்துக்கொண்டு. அந்தப் பெண் கேள்வியை வாசித்தாள். முதல் கேள்வியே இறுதிநிலைப் பயன்பாட்டு விதி. கண்ணை மூடிக்கொண்டேன். தங்கை காதுக்குள் வந்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வாயிலிருந்து வருவது ஒழுங்காக, கொம்பு கொம்பின் இடத்தில், கால் காலின் இடத்தில் விழுகிறது என்பதை நினைத்து உருகிப்போனேன். அந்த நெகிழ்ச்சியில்தான் நிதானம் தவறிவிட்டேன்.

பேனா நின்றது.

"அண்ணா, 'விதிவிலக்கு, நம்ம பெரியப்பா'ன்னு சொன்னீங்க. எழுதிட்டேன். உங்க பெரியப்பாவா, எங்க பெரியப்பாவா? தெளிவா போடணுமா?"

"ஐயையோ, அடிங்க அவர!" என்றேன். மேற்பார்வை சார் பேப்பரை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். பெரியப்பாவை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கருமி, குடிகாரன், அபூர்வப் பொருள் சேர்க்கிறவன் என்று வரிசையாக எழுதினோம்.

பாஸ். முடிவு வந்த அன்று நைனா டிராக்டரின் சாவியைக் கொண்டுபோய் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தங்கைக்கு ஐஸ் கடன் தீர்த்த பிறகு, உத்திரமேரூரில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு நாங்கள் இருவரும் பெரியப்பா வீட்டுக்குப் போனோம். ஆடியிலிருந்து அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். தங்கை பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

"பெரியப்பா, அண்ணன் பாஸ். ஒன்னாலதான்."

அவர் ஒரு லட்டு எடுத்தார். சாப்பிட்டார். இரண்டாவது. முகம் கொஞ்சம் இளகியது. மூன்றாவதையும் எடுத்து, அதையும் முடித்தார். தங்கை பெட்டியை இன்னும் அருகில் தள்ளினாள். அவர் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போதும்" என்றார். "மூணாவது அவ்ளோ ஒண்ணும் ருசியா இல்ல. போய் ஒங்க கேசட்டுல அடிச்சு எழுது. எனக்கும் விதி செல்லும்."

நாங்கள் எழுந்தோம். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா, பெட்டிய எங்க தூக்கிக்கினு போற? அத்த இங்கியே வெய்யி. சாயங்காலம் பசிக்கும்."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். பசி திரும்ப வந்தால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதுவும் அந்தப் பாடத்தில்தான் இருந்தது.